தர்ம யுகத்துக்கு வழி காட்டிய வைகுண்டர்

நல்ல காலம் பிறக்கும் என்ற நம்பிக்கை இல்லாத வீடு உலகில் இல்லை. மழை பொய்த்த ஆண்டில் உழவர் அடுத்த ஆண்டை எண்ணி விதை நெல்லைக் காப்பாற்றி வைக்கிறார். தேர்வில் மதிப்பெண் குறைந்தால் அடுத்த தேர்வை எண்ணி நாம் மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். ஒருவருக்கு இருக்கும் இந்த நம்பிக்கை ஒரு மக்கள் கூட்டம் முழுவதற்கும் வந்தால் எப்படி இருக்கும்? இந்தக் கொடிய காலம் ஒரு நாள் முடிந்துபோகும், கடவுளே புதிய காலத்தைத் தொடங்கி வைப்பார், அதில் பசியும் அடிமைத்தனமும் இரா என்று ஊரெல்லாம் நம்பினால் என்ன நடக்கும்? அவர்கள் கைகட்டிக் காத்திருப்பார்களா, எழுந்து நிற்பார்களா? இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்த தமிழர் ஒருவர் உண்டு. அவரே அய்யா வைகுண்டர்.

ஆயிரம் ஆண்டுகள் என்னும் கனவு

இத்தகைய நம்பிக்கையை அறிஞர்கள் ஆயிரமாண்டு நம்பிக்கை என்று அழைக்கின்றனர். ஆயிரம் ஆண்டு என்பது எவ்வளவு நீண்ட காலம் என்று அறிய நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. நம் கம்பம் பள்ளத்தாக்கு வயல்களுக்கு நீர் தரும் பெரியாற்று அணைக்காகச் சென்னை அரசும் திருவிதாங்கூர் அரசும் 1886இல் செய்துகொண்ட குத்தகை ஒப்பந்தம் 999 ஆண்டுகளுக்கானது. ஆயிரத்துக்கு ஒன்றே குறைவு! அதில் ஏறக்குறைய 140 ஆண்டுகளே கழிந்துள்ளன. ஒப்பந்தம் எழுதியவர்களுக்கு 999 ஆண்டுகள் என்பது என்றென்றைக்கும் என்பதன் மறுபெயர் போல இருந்திருக்கும்.

ஆயிரமாண்டு நம்பிக்கையின் பெயர் திருவிவிலியத்திலிருந்து வந்தது. திருவெளிப்பாடு என்று நாம் வாசிக்கும் நூலை நம் பாட்டிமார் காட்சியாகமம் என்பார்கள். அதன் 20ஆம் அதிகாரத்தில் அலகை கட்டுண்டு கிடக்க, விசுவாசத்துக்காக உயிர் தந்தவர்கள் கிறிஸ்துவோடு ஆயிரம் ஆண்டுகள் ஆட்சி செய்யும் காட்சி வருகிறது. உரோமைப் பேரரசின் கீழ்க் கிறிஸ்தவர்கள் துன்புற்ற முதல் நூற்றாண்டில் எழுந்த நூல் அது. அதற்கு முன்பே, அந்நிய அரசனால் யூதர்கள் வதைக்கப்பட்ட காலத்துக்குத் தானியேல் நூல் இதே போன்ற ஆறுதலைத் தந்தது. ஆகவே இந்நம்பிக்கை பெரும்பாலும் மிதிபட்டுக் கிடப்போர் நடுவில்தான் முளைக்கிறது என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

ஆதித் திருச்சபையில் புனித இரனேயு போன்றோர் அந்த ஆயிரம் ஆண்டுகளும் இம்மண்ணிலேயே வரும் என்று எழுத்துப்படி நம்பினர். ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீனார், அது திருச்சபையின் காலத்தைக் குறிக்கும் அடையாள எண் என்று விளக்கினார். கத்தோலிக்கத் திருச்சபை அவ்வழியையே பின்பற்றுகிறது. இறையரசின் நிறைவு கடவுள் தருவது. எந்த மனிதரும் நாள் குறித்து அதை வரவழைக்க முடியாது என்பது அதன் போதனை. ஆயினும் நாள் குறித்தவர்கள் பலர். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22 அன்று ஆண்டவர் வருவார் என்று காத்திருந்தனர். சிலர் விளைந்த பயிரை அறுக்காமலே விட்டுவிட்டனர். அந்த நாள் மற்ற நாட்களைப் போலவே கழிந்தது.

கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று இந்த எதிர்பார்ப்பு. யூதர்கள் மெசியாவை எதிர்பார்க்கின்றனர். பௌத்தர்கள் மைத்திரேயர் வருவார் என்கின்றனர். இந்துக்கள் கலியுக முடிவில் கல்கி அவதாரத்தை எதிர்நோக்குகின்றனர். மில்லரின் நாளுக்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே, நம் தமிழ்நாட்டின் தென்கோடியில் இந்த எதிர்பார்ப்பு வேறொரு வடிவம் எடுத்தது.

மலைக்கு அப்பால் ஒரு நாடு

நம் பள்ளத்தாக்கின் மேற்கே சுவர் போல நிற்கும் மலைத்தொடரின் மறுபுறம் அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானம் இருந்தது. அதன் தென்பகுதியே இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். 1956 நவம்பர் 1 அன்றுதான் அது தமிழ் பேசும் மாநிலத்தோடு இணைந்தது. 1752இல் விசுவாசத்துக்காகச் சுடப்பட்டு, 2022இல் புனிதராக உயர்த்தப்பட்ட நம் தேவசகாயம் பிள்ளையும் அம்மண்ணின் மைந்தரே.

பச்சை வயலும் பனங்காடும் கடலும் சூழ்ந்த அழகிய நாடு அது. ஆனால் அங்கே சாதிக் கொடுமை கோலோச்சியது. தாழ்த்தப்பட்ட மக்கள் குடை பிடிக்கக் கூடாது. காலில் செருப்பு அணியக் கூடாது. ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. பெண்கள் தங்க நகை போடக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் செல்லவும் கூடாது. எல்லாவற்றிலும் கொடியது, உயர்ந்த சாதியார் முன்னிலையில் அப்பெண்கள் இடுப்புக்கு மேல் துணி போட்டு உடலை மறைக்கக் கூடாது என்ற கட்டளை. தலைக்கு வரி, பனைக்கு வரி என வரிகள் குவிந்தன. கூலியில்லாத வேலைக்கு ஊழியம் என்று பெயர். அரசாங்கம் அழைத்தால் போயே ஆகவேண்டும்.

முடி சூடக் கூடாத பெயர்

நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே பூவண்டன்தோப்பு என்றோர் ஊர். இன்று அது சுவாமிதோப்பு. அங்கே பொன்னு நாடார், வெயிலாள் தம்பதியருக்கு 1809இல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் ஆசையோடு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டனர். அந்தப் பெயரே குற்றமாகிவிட்டது. பனைத்தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கு முடியைச் சொல்லும் பெயரா என்று உயர்ந்த சாதியார் சினந்தனர். பிள்ளையின் பெயர் முத்துக்குட்டி என மாற்றப்பட்டது. தொட்டிலில் கிடந்த குழந்தைக்கே இந்தத் தண்டனை!

முத்துக்குட்டி திருமாலிடம் பக்தி மிகுந்தவராக வளர்ந்தார். வீட்டிலேயே பீடம் அமைத்து வழிபட்டார். இளமையில் இல்லறம் ஏற்றார். இருபத்து நான்கு வயதை நெருங்கியபோது கடும் நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. மருந்துகள் பலிக்கவில்லை. திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குக் கொண்டுபோனால் நோய் தீரும் என்று தாய் வெயிலாள் நம்பினார். நடக்கவும் இயலாத மகனைத் தொட்டில் கட்டிச் சுமந்து, கடலோரமாகவே நெடுவழி சென்றனர் உறவினர்.

கடலிலிருந்து எழுந்தவர்

திருச்செந்தூரில் முத்துக்குட்டி கடலுக்குள் இறங்கினார், அலைகளில் மறைந்தார். கரையில் நின்ற தாயின் துயரம் எப்படி இருந்திருக்கும்! மூன்றாம் நாள் அவர் கடலிலிருந்து வெளியே வந்தார். நோய் நீங்கியிருந்தது. தாம் இனி அந்தத் தாயின் மகன் அல்ல, நாராயணரின் மகனாகிய வைகுண்டர் என்று அவர் அறிவித்ததாக அவருடைய அன்பர்கள் நம்புகின்றனர். அந்த நாள் கொல்லம் ஆண்டு 1008, மாசி மாதம் 20. ஆங்கில ஆண்டு 1833.

இங்கே ஒரு வியப்பான செய்தி. திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்கியது. ஆகவே அவர்களுடைய கணக்கில் ஆயிரம் ஆண்டுகள் நிறைவெய்திச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆயிரம் கழிந்த பின் எட்டாம் ஆண்டில் வைகுண்டர் வந்தார் என்று அன்பர்கள் பெருமையோடு சொல்கின்றனர்.

ஊர் திரும்பிய வைகுண்டர் ஆறு ஆண்டுகள் தவம் செய்தார். முதல் இரண்டு ஆண்டுகள் ஆழக் குழியில் நின்றார். அடுத்த இரண்டு ஆண்டுகள் தரையில் அமர்ந்தார். கடைசி இரண்டு ஆண்டுகள் உயர்ந்த பீடத்தில் அமர்ந்தார். குழியிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து பீடத்துக்கும் அவர் ஏறி வந்தது, தாழ்ந்து கிடந்த மக்கள் எழுந்து வருவதற்கே ஓர் அடையாளம் போல நமக்குத் தோன்றுகிறது. முதல் தவம் யுகம் மாறுவதற்கு, இரண்டாம் தவம் மக்கள் குலத்துக்கு, மூன்றாம் தவம் பெண்களுக்கும் முன்னோருக்கும் என்று அவருடைய வரலாறு பிரித்துச் சொல்கிறது. பெண்களுக்கென்று ஒரு தவம்! இது நம்மை நெகிழ வைக்கிறது.

புதிய யுகக் கணக்கு

வைகுண்டரின் வரலாற்றையும் போதனையையும் கூறும் நூல் அகிலத்திரட்டு அம்மானை. அவருடைய சீடர் அரிகோபாலன் கொல்லம் 1016ஆம் ஆண்டில் அதை எழுதினார். ஏட்டில் இருந்த அந்நூல் 1939இல் அச்சேறியது.

புராணங்களின்படி யுகங்கள் நான்கு. அவற்றுள் கலியுகம் மட்டும் 4,32,000 ஆண்டுகள். அது முடிந்தால் மீண்டும் முதல் யுகம் வரும்; சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். துன்பப்படும் ஒருவருக்கு இந்தக் கணக்கில் என்ன ஆறுதல் கிடைக்கும்? அவர் காலத்திலும் விடியாது. அவருடைய பேரன் காலத்திலும் விடியாது. அகிலத்திரட்டு இந்தக் கணக்கை மாற்றி எழுதியது. அதில் யுகங்கள் எட்டு. குறோணி என்னும் அசுரன் ஆறு துண்டுகளாக வெட்டப்படுகிறான். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு யுகத்தில் தீமையாகப் பிறக்கிறது. கடைசித் துண்டே கலியன். அவன் அழிந்தால் எட்டாவதாகத் தர்ம யுகம் வரும். அதற்குப் பின் தீமை திரும்பாது, சக்கரம் நின்றுவிடும். அந்த நாள் தொலைவில் இல்லை, தொடங்கிவிட்டது என்பதே வைகுண்டர் தந்த செய்தி.

கலியனை எப்படி வெல்வது? வாளும் வேலும் வேண்டாம் என்றார் வைகுண்டர். ஆயுதமற்ற பண்டாரத்தைத் தொல்லை செய்வதில்லை என்று கலியன் வாக்குக் கொடுத்துவிட்டதாகவும், அதனால் திருமால் பண்டாரக் கோலத்திலேயே வந்ததாகவும் அகிலத்திரட்டு கதை சொல்கிறது. பொறுமையே அவர் மக்களுக்குத் தந்த ஆயுதம். இதன் அருமை அக்காலச் சீனாவைப் பார்த்தால் விளங்கும். அங்கே ஹாங் சியூசுவான் என்பவரும் கடும் நோய்க்குப் பின் தம்மைக் கடவுளின் மகன் என்று எண்ணினார். அவர் 1851இல் விண்ணரசு என்ற பெயரில் ஓர் அரசை அறிவித்து வாளை எடுத்தார். 1864 வரை நடந்த அப்போரில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் மடிந்ததாகக் கணக்கிடுகின்றனர். ஏழை மக்களின் ஏக்கம் இரு நாட்டிலும் ஒன்றே. தலைவர் காட்டிய வழிதான் வேறு.

சிங்காரத்தோப்புச் சிறை

வைகுண்டரைத் தேடிப் பல சாதி மக்களும் திரண்டனர். வரியும் ஊழியமும் கேட்கும் அரசைக் கலியின் அரசு என்றே அவர்கள் பேசத் தொடங்கினர். அப்போது ஆண்டவர் சுவாதித் திருநாள் மகாராஜா. கீர்த்தனைகள் இயற்றிப் புகழ் பெற்றவர். அவரிடம் புகார் சென்றது. 1838இல் வைகுண்டர் கைது செய்யப்பட்டு, திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைக்கப்பட்டார். நூறு நாட்களுக்கு மேல் அங்கே துன்புற்றார். பசித்த புலியின் முன் அவரை நிறுத்தியபோது அது அடங்கிப் படுத்துக்கொண்டது என்று அன்பர்கள் சொல்வர். சொந்தச் சாதியாரோடு மட்டும் பழகுவதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றனராம். அவர் இசையவில்லை. 1839 மார்ச் மாதத்தில் விடுதலையாகி ஊர் திரும்பினார்.

துவைத்த துணியும் நிமிர்ந்த தலையும்

சிறையிலிருந்து வந்தவர் அரசரைச் சபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தர்ம யுகத்துக்கு ஏற்ற மக்களை உருவாக்கும் வேலையைத் தொடங்கினார். கன்னியாகுமரிக்கு அருகே கடற்கரையில் உள்ள வாகைப்பதியில் 700 குடும்பங்கள் கூடின. ஆண், பெண், குழந்தைகள் யாவரும் நாளுக்கு மூன்று முறை கடலில் நீராடினர். உடுத்த துணியைத் துவைத்தனர். பச்சரிசியும் சிறுபயறும் சேர்ந்த உணவை ஒரு வேளை மட்டும் உண்டனர். பல சாதியினரும் ஒன்றாகவே வாழ்ந்தனர். இதற்குத் துவையல் தவசு என்று பெயர். நோயும் இறப்பும் வந்து கூட்டத்தைக் கலைத்தபோதும் அவர்கள் மனம் தளரவில்லை. பின்னர் முட்டப்பதியில் மீண்டும் கூடினர். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட மக்கள் தாங்கள் தூயவர்கள் என்பதைத் தாங்களே கண்டுகொண்ட பள்ளிக்கூடம் அது.

சுவாமிதோப்பில் முத்திரிக் கிணறு தோண்டப்பட்டது. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுத்தனர். தண்ணீரின் அருமை அறிந்த நமக்கு இதன் பொருளை யாரும் விளக்கவேண்டியதில்லை. பிறர் தொட்டால் தீட்டு என்று கிணற்றைப் பூட்டிய காலத்தில், பொதுக் கிணறு ஒன்று எத்தனை மனங்களைத் திறந்திருக்கும்!

வழிபட வரும் ஆண்கள் தலைப்பாகை கட்டி வரவேண்டும் என்றார். தலையில் துணி கட்ட உரிமையற்றவர்கள் கடவுளின் முன் முடி சூடியவர்களாக நின்றனர். முடிசூடும் பெருமாள் என்ற பெயரை ஒருவரிடமிருந்து பறித்தார்கள். அவரோ ஆயிரம் பேருக்கு முடி சூட்டிவிட்டார். நெற்றியில் சுடர் வடிவில் திருநாமம் இடச் செய்தார். பதிகளில் சிலை இல்லை. கண்ணாடி ஒன்றே இருக்கும். வணங்க வருபவர் அதில் தம் முகத்தையே காண்பார். இறைவன் உனக்குள் இருக்கிறான், ஆகவே நீ யாருக்கும் தாழ்ந்தவன் அல்ல என்பது அதன் பொருள். ஆடு கோழி பலி வேண்டாம், காணிக்கை வேண்டாம் என்றும் அவர் கற்பித்தார். ஊர்தோறும் நிழல் தாங்கல் என்ற சிறு வழிபாட்டு இடங்கள் எழுந்தன. பல நிழல் தாங்கல்களில் பிள்ளைகள் எழுத்தும் கற்றனர்.

மேலாடைக்காக ஒரு போராட்டம்

நாம் காலையில் சீருடை அணிந்து, தாவணியைச் சரிசெய்து பள்ளிக்குப் புறப்படுகிறோம். இது ஓர் உரிமை என்று எண்ணிப் பார்ப்பதே இல்லை. திருவிதாங்கூரில் இதற்காகப் பெண்கள் சந்தையிலும் தெருவிலும் அடிபட்டனர். அவர்களுடைய ஆடைகள் கிழிக்கப்பட்டன. கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் என்னும் சட்டை அணிந்ததால் 1820களில் பெரும் கலகம் மூண்டது. இலண்டன் மிஷன் தொண்டர்கள் அப்பெண்களுக்குத் துணை நின்றனர். பின்னர் வைகுண்டரும் தம் அன்பர் குடும்பத்துப் பெண்கள் மானத்தோடு மேலாடை அணியவேண்டும் என்றார். கிறிஸ்தவர்களும் வைகுண்டரின் மக்களும் சமயத்தில் வேறுபட்டவர்கள். ஒருவரையொருவர் குறை கூறியதும் உண்டு. ஆனாலும் பெண்ணின் மானம் காப்பதில் இரு சாராரும் ஒரே திசையில் நடந்தனர்.

1851ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் வைகுண்டர் மறைந்தார். வயது நாற்பத்திரண்டு. அவர் கண் மூடியபோது திருவிதாங்கூரில் அடிமை முறையும் இருந்தது. ஆடைத் தடையும் இருந்தது. தர்ம யுகம் வரவில்லையே என்று எவரும் கேட்டிருக்கலாம். ஆனால் அவருடைய மக்கள் கலைந்து போகவில்லை. நான்கு ஆண்டுகளில், 1855இல், அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1859 ஜூலை 26 அன்று நாடார் பெண்கள் மேலாடை அணிய அரசர் ஆணையிட்டார். அப்போதும் உயர்ந்த சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையை விடவில்லை. இவ்வெற்றிகள் ஒருவரால் மட்டும் வந்தவை அல்ல. போராடிய பெண்கள், மறைப்பணியாளர்கள், ஆங்கில அரசின் வற்புறுத்தல் என்று காரணங்கள் பல. எனினும் தலை நிமிர்ந்து நிற்கக் கற்ற மக்கள் இல்லாமல் எந்த ஆணையும் பயன் தந்திராது.

நமக்கு ஒரு பாடம்

சுவாமிதோப்பில் அவர் அடக்கமான இடத்தில் இன்று தலைமைப் பதி உள்ளது. மாசி 20ஆம் நாள் ஆண்டுதோறும் பெருந்திரளான மக்கள் அங்கே கூடுகின்றனர். கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்நாளில் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவதும் உண்டு.

நாம் வைகுண்டரின் அன்பர்கள் அல்லர். அவரைப் பற்றி அவர்கள் நம்புவதை நாம் நம்பவேண்டும் என்பதும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு நாளும் இறைவனின் அரசு வருக என்று செபிக்கும் நமக்கு அவருடைய வாழ்வில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு நாளைக் குறித்துவிட்டு வானத்தைப் பார்த்திருந்தவர்களின் பயிர் வயலிலே கெட்டது. வாளை எடுத்தவர்களின் நாடு சுடுகாடாயிற்று. வைகுண்டரோ, வரப்போகும் காலத்தில் எல்லாரும் ஒரே கிணற்றில் நீர் அருந்துவார்கள் என்றால் அந்தக் கிணற்றை இன்றே தோண்டுவோம் என்று புறப்பட்டார். யாரும் தலை குனியாத காலம் வருமானால் தலைப்பாகையை இன்றே கட்டுவோம் என்றார். பெண்கள் மானத்தோடு வாழும் காலம் வருமானால் மேலாடையை இன்றே அணியுங்கள் என்றார்.

நம் ஊர்களிலும் தனிக் குவளையும் தனிச் சுடுகாடும் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நம் வகுப்பிலும் யாரோடு உண்பது, யாரோடு அமர்வது என்ற வேற்றுமை தலைகாட்டினால் கலியன் இன்னும் சாகவில்லை என்றே பொருள். இறையரசைத் தருவது இறைவனின் வேலை. அதற்குத் தகுந்தபடி இன்று வாழ்வது நம் வேலை. உணவு வேளையில் தனியே அமர்ந்திருக்கும் தோழியை அழைத்து நம் அருகில் அமர்த்திக்கொள்வோம். புதிய காலம் அந்த இடத்திலிருந்தே தொடங்கட்டும்!